கரையிலேயே முடிக்க வேண்டிய வேலை: பன்மொழி மாணவர் கடலாய்வுப் பயணம் ஒன்றைத் திட்டமிட்ட அனுபவம்

ஆய்வுக் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட பிறகு அதில் எதையும் புதிதாகச் சேர்க்க இயலாது. எடுத்துவர மறந்த வடிகட்டித் தாளை நடுக்கடலில் வாங்க முடியாது என்பதைக் கடலியல் படிக்கும் ஒவ்வொருவரும் முதல் ஆண்டிலேயே கேட்டிருப்பார்கள். ஒருவருக்குப் புரியும் மொழியில் பாதுகாப்பு விளக்கம், காது கேளாதவருக்கும் எட்டும் அபாய அறிவிப்பு, நோன்பிருப்பவருக்கு விடியலுக்கு முன் உணவு ஆகியவையும் கரையிலேயே பட்டியலில் ஏறியாக வேண்டும் என்பதை எங்கள் பாடத்திட்டம் எதுவும் சொல்லவில்லை. சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் வரை வங்கக் கடலின் மேற்கோரமாகச் செல்லும் பயிற்சி ஆய்வுப் பயணம் ஒன்றை, ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்களே திட்டமிடும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தபோது, அந்தப் பட்டியலை முதலிலிருந்து நாங்களே எழுத வேண்டியிருந்தது. இனி இத்தகைய பயணத்தைத் திட்டமிடப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி, அதில் நாங்கள் கற்றவற்றை இங்கே பகிர்கிறேன்.

மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அறிவியலும் பாதுகாப்பும் சேர்ந்தே காரணமாயின. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்காத அந்த இடைக்காலத்தில் வங்கக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் என்பதால், முதன்முறை கப்பலேறுகிறவர்களுக்கு அது ஏற்ற காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி ஓடும் கிழக்கு இந்தியக் கரையோர நீரோட்டம், பிப்ரவரி முதல் மே வரை திசை மாறி வடக்கு நோக்கி ஓடுகிறது. அந்த நீரோட்டத்தைக் குறுக்காக வெட்டும் சில கோடுகளில் வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அளப்பதும், ஏறத்தாழ 100 மீட்டருக்குக் கீழே தொடங்கும் ஆக்சிஜன் குறைந்த அடுக்கின் மேல் எல்லையைக் கண்டறிவதும் எங்கள் நோக்கம். எங்களில் தமிழ், தெலுங்கு, மலையாளம், ஒடியா, வங்காளம் பேசுவோர் இருந்தனர். கப்பலின் பணியாளர்களில் கொங்கண் கரையைச் சேர்ந்தவர்களும், மஹல் மொழி பேசும் மினிக்காய் தீவினரும் இருந்தனர்.

மொழி பற்றிய கணக்கெடுப்பில்தான் எங்கள் வேலை தொடங்கியது. தாய்மொழி எது என்று கேட்டு ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்வது எளிது. ஆனால் அந்த விடையை வைத்துக் கப்பலில் எதையும் முடிவுசெய்ய இயலாது. அதற்குப் பதிலாக நான்கு கேள்விகளை அனுப்பினோம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது உரக்கச் சொல்லப்படும் கட்டளை எந்த மொழியில் இருந்தால் உடனே புரியும்? தயங்காமல் ஐயம் கேட்பது எந்த மொழியில்? பிழையின்றி எழுதுவது எந்த மொழியில்? உடல்நலக் குறைவை மருத்துவரிடம் எந்த மொழியில் விவரிப்பீர்கள்? ஒரே மாணவர் இந்த நான்கிற்கும் வெவ்வேறு விடை தருவதைப் பார்த்தோம். வகுப்பில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் ஒடியா மாணவர் ஒருவர், கட்டளைக்கும் மருத்துவத்திற்கும் ஒடியாவையே குறித்திருந்தார். ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும் என்ற பொதுவான நம்பிக்கையை இந்த விடைகளே மாற்றின. திட்டமிடும் குழுக்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்தக் கணக்கெடுப்பை மட்டுமாவது செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

கடலில் மொழிக்குச் சட்டமும் உண்டு. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், ஒவ்வொரு கப்பலும் தன் பணிமொழி எது என்பதை உறுதிசெய்து பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்கிறது. பிற கப்பல்களோடும் கரையோடும் பிரிட்ஜ், அதாவது கப்பலைச் செலுத்தும் அறை, பேசுவதற்காக, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் எளிய ஆங்கிலத் தொடர்களின் தொகுப்பொன்றை ஏற்றுக்கொண்டது. ஆகவே கப்பலில் எல்லா மொழிக்கும் எல்லா இடத்திலும் ஒரே நிலை தர முடியாது என்பதை ஏற்று, எந்தப் பணிக்கு எந்த மொழி என்று பிரித்தோம். அபாயம் பற்றியவை ஆங்கிலத்திலும் ஒவ்வொருவரின் மொழியிலும் இருக்கும். கருவியை இறக்கும்போது குறுகிய ஆங்கிலக் கட்டளைகள் மட்டும். கற்பித்தலும் விவாதமும் அவரவர் மொழியில். அளவீட்டுப் பதிவுகள் ஆங்கிலத்திலும் எண்களிலும். இந்தியப் பெருங்கடலில் ஓடிய பாய்மரக் கப்பல்களில் லஸ்கர்கள் எனப்பட்ட ஆசிய மாலுமிகள் பல மொழிகளைக் கலந்து தமக்கென ஒரு கப்பல்மொழியையே வளர்த்திருந்தனர். அதற்கு 1811-இல் கல்கத்தாவில் அகராதியே அச்சானது. ஆகவே பன்மொழிக் கப்பல் என்பது இந்தக் கடலுக்குப் புதிதன்று.

வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழம் ஆகியவற்றை அளந்து குப்பிகளில் நீரும் எடுத்துவரும் சிடிடி கருவியை இறக்கும் வேளையில்தான் இந்தப் பிரிவினையின் பயன் நன்றாகத் தெரிந்தது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 மீட்டர் வேகத்தில் இறங்கும் அந்தக் கருவி, 3000 மீட்டர் ஆழமுள்ள நிலையத்தில் (அளவீட்டுக்காகக் கப்பல் நிற்கும் இடத்தில்) இறங்கி, குப்பிகளை மூடுவதற்காக ஆங்காங்கே நின்று மேலே வர இரண்டு மணி நேரத்திற்கும் அதிகமாகும். அவ்வளவு நேரமும் ஆய்வகத்தில் திரையைப் பார்ப்பவரும், கருவியின் கம்பிவடத்தை இறக்கி ஏற்றும் வின்ச் இயந்திரத்தை இயக்குபவரும் வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். இறக்கு, ஏற்று, நிறுத்து, மெதுவாக, ஆழம் என்ன, குப்பி மூடியாயிற்று என்பன போன்ற ஒரு கைப்பிடியளவு தொடர்களை மட்டும் அனுமதித்து, அவற்றின் பொருளை எல்லா மொழிகளிலும் எழுதிய அட்டையை வின்ச் அறையிலும் ஆய்வகத்திலும் ஒட்டினோம். எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகே செயல்பட வேண்டும். நேரம் எழுதும்போது உலகப் பொது நேரம் மட்டும்; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இரண்டையும் கலந்து எழுதினால் எந்த அளவீடு எந்தத் தேதிக்குரியது என்பதே பிறகு விளங்காமல் போகும்.

ஆனால் பதிவுத் தாளின் கடைசிப் பத்தியான 'குறிப்புகள்' பகுதியை எந்த மொழியிலும் எழுதலாம் என்று விட்டுவிட்டோம். எழுதியதைப் புகைப்படம் எடுத்து, அதே நாளில் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தோடு சேர்த்து வைக்க ஒருவரை நியமித்தோம். திட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான். பயிற்சிக் காலத்தில் ஆங்கிலத்தில் 'கடல் அமைதி' என்ற அளவில் நின்ற குறிப்புகள், அவரவர் மொழியில் எழுதத் தொடங்கியதும் நுரைக்கோட்டின் திசை, மிதக்கும் பாசியின் நிறம், பறவைகள் கூடிய இடம், கயிறு சாய்ந்த பக்கம் என்று நீண்டன. தூத்துக்குடி மாவட்டத்தின் மீனவக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த மாணவி, வாடைப் பக்கமிருந்து (வடக்கிலிருந்து) ஓடும் வாநீவாடு, சோழகப் பக்கமிருந்து (தெற்கிலிருந்து) ஓடும் சோநீவாடு என்று தன் ஊர் வழக்கிலேயே நீரோட்டத்தைக் குறித்துவந்தார். கப்பலின் நீரோட்டமானி தந்த திசையோடு அவருடைய குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது மற்றவர்களுக்குத் தனிப் பயிற்சியாகவே அமைந்தது.

பணிநேரப் பட்டியலை அனுபவத்தின் அடிப்படையில் மட்டும் போடுவது வழக்கம். நாங்கள் அதோடு ஒரு விதியைச் சேர்த்தோம்: நான்கு மணி நேரப் பணிக்குழு எதிலும் யாரும் தம் மொழி பேசும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நள்ளிரவுப் பணியில் தனித்துப்போகிறவர் ஐயம் கேட்பதை நிறுத்திவிடுவார். கேட்காமல் விட்ட ஐயம் மாதிரிக் குப்பியில் பிழையாகப் போய்ச் சேரும். ஆக்சிஜனை அளப்பதற்கான நீரை, சிடிடி கருவியோடு மேலே வரும் நிஸ்கின் குப்பியிலிருந்து எல்லாவற்றுக்கும் முதலில் எடுக்க வேண்டும், காற்றுக் குமிழி புகக் கூடாது, உடனே வேதிப்பொருள் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும் என்பதை வரிசையாக மனப்பாடம் செய்தவருக்கும், காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைந்து அளவை மாற்றிவிடும் என்று தம் மொழியில் விளங்கிக்கொண்டவருக்கும் கைப்பழக்கத்தில் தெளிவான வேறுபாடு இருந்தது. குப்பிகளுக்கு வண்ணச் சீட்டு கட்டுவதற்கு முன், நிறப்பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு வடிவத்தையும் சேர்த்தோம். செலவில்லாத அந்த மாற்றம் இரவு வெளிச்சத்தில் எல்லாருக்குமே உதவியது.

பிறவியிலேயே காது கேளாத மாணவி ஒருவர் திட்டக் குழுவில் தொடக்கம் முதலே இருந்தார். அவரைப் பயணியாகச் சேர்த்துவிட்டுப் பிறகு என்ன வசதி வேண்டும் என்று கேட்டிருந்தால், கீழே சொல்லும் எதுவும் உரிய காலத்தில் நடந்திருக்காது. கப்பல் துறைமுகத்தில் நின்றபோதே அவரோடு ஒவ்வொரு தளமாகச் சென்று, ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமான அபாய அறிவிப்பு ஒலிக்கும்போது அவர் எந்தெந்த இடத்தில் இருந்தால் அது அவருக்கு எட்டாது என்று பார்த்தோம். இயந்திர அறையில் இரைச்சலின் காரணமாக ஏற்கெனவே சுழல்விளக்கு இருந்தது. கேபினிலும், ஈர ஆய்வகத்திலும், கழிப்பறையிலும் எதுவும் இல்லை. கையில் கட்டும் அதிர்வுக் கருவியொன்றைச் சோதித்தபோது, எஃகுச் சுவர்கள் சமிக்ஞையைத் தடுத்துவிடுவதால் அது ஒரே தளத்திற்குள் மட்டுமே நம்பத்தக்கது என்று தெரிந்தது. எனவே ஆய்வகத்தில் பளிச்சிடும் விளக்கு, கேபினில் உடன் தங்குபவர், ஒவ்வொரு பணிநேரத்திலும் பெயர் குறிக்கப்பட்ட ஒரு துணையாள் என மூன்று ஏற்பாடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். ஒன்று தவறினாலும் மற்றது இருக்க வேண்டும் என்பது கப்பலின் எல்லாப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கும் உரிய முறைதான்.

கப்பல்தளத்தில் நிலைமை வேறாக இருந்தது. வின்ச் இரைச்சலில் யாருடைய குரலும் கேட்காது என்பதால் மாலுமிகள் எப்போதும் கைச்சைகையையே நம்புகிறார்கள். ஆள்காட்டி விரலை மேல்நோக்கி வட்டமிட்டால் ஏற்று. கீழ்நோக்கி வட்டமிட்டால் இறக்கு. உள்ளங்கை கீழ்நோக்க ஒரு கையை நீட்டி அசைத்தால் நிறுத்து. நிறுத்தும் சைகையை யார் காட்டினாலும் இயக்குபவர் பணிய வேண்டும். இந்தச் சைகைகளை எங்கள் எல்லாரிலும் விரைவாகவும் பிழையின்றியும் காட்டியவர் அந்த மாணவிதான். அவரே மற்றவர்களுக்குப் பயிற்றுவித்தார். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டுள்ளது. அதைத் துணையாகக் கொண்டு, எங்கள் கருவிகளுக்கும் மாதிரிகளுக்கும் வேண்டிய சைகைகளை அவரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து முடிவுசெய்து காணொளிகளாகத் தந்தனர். தடித்த கையுறை அணிந்தால் விரலெழுத்து தெரியாது, உயிர்காப்புச் சட்டை அணிந்தால் மார்பருகே காட்டும் சைகைகள் மறைந்துவிடும் என்பவற்றை உடைகளை அணிந்து பார்த்தே அறிந்தோம். அதனால் தளத்திற்கான சைகைகள் யாவும் தோளுக்கு மேலே, முழுக்கையால் காட்டத் தக்கவையாக மாற்றப்பட்டன. இரவில் பார்வைக் காவலுக்காக பிரிட்ஜில் விளக்குகளை அணைத்துவிடுவார்கள் என்பதால் அவருடைய பிரிட்ஜ் பயிற்சி பகலில் வைக்கப்பட்டது.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு படுக்கை ஒதுக்குவதில்தான் கடுமையான விவாதம் எழுந்தது. கப்பலில் படுக்கைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. மொழிபெயர்ப்பாளர் ஏறினால் மாணவர் ஒருவர் குறைவார். இதைத் தியாகமாகப் பேசிய குரல்களும் எழுந்தன. மருத்துவரும் கருவிப் பொறியாளரும் மாதிரி சேகரிக்காவிட்டாலும் அவர்களின் படுக்கையை யாரும் கேள்வி கேட்பதில்லை. பயணம் நடக்கத் தேவையான ஆள் என்ற அதே வகையில்தான் மொழிபெயர்ப்பாளரும் வருகிறார் என்பது என் உறுதியான கருத்து. இறுதியில் படுக்கை ஒதுக்கப்பட்டது. பின்வருவோர் விண்ணப்பத்தின் முதல் வரைவிலேயே அந்தப் படுக்கையைக் குறித்துவிடுவது நல்லது. பின்னால் சேர்க்க முயலும்போதுதான் அது இன்னொருவரின் இடத்தைப் பறிப்பதாகத் தோன்றுகிறது.

உடல் பற்றிய செய்திகளைப் பேச மாணவர்கள் கூச்சப்படுவார்கள் என்பதால், அவற்றை நாங்களே எழுதி எல்லா மொழிகளிலும் முன்கூட்டியே அனுப்பினோம். குமட்டலுக்கான மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போடுவதால் பெரும் பயனில்லை, அது தூக்கம் தரும், எனவே மருத்துவரைக் கேட்டு முன்னதாகவே தொடங்க வேண்டும் என்பது முதல் செய்தி. கப்பல் கழிப்பறைகளின் உறிஞ்சு குழாய்கள் தாளைத் தவிர எது போனாலும் அடைத்துக்கொள்ளும். மேலும் கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு எந்தப் பிளாஸ்டிக்கையும் கடலில் போடுவதை முற்றாகத் தடைசெய்கிறது. எனவே மாதவிடாய்க்கால நாப்கின்களுக்கு மூடியுள்ள தனிக் கூடைகளை வைத்து, அவற்றை யார், எப்போது அகற்றுவார்கள் என்பதையும் திட்டத்தில் எழுதினோம். இதைப் பற்றிக் கப்பல் பணியாளர்களிடம் நேரடியாகப் பேசியபோது அவர்கள் எவ்விதச் சங்கடமுமின்றி ஒத்துழைத்தனர். கேபின்களைப் பிரிக்கும்போது, யாரோடு தங்க இயலும், யாரோடு இயலாது என்பதைக் காரணம் கேட்காமல் இரகசியமாகப் பெற்றுக்கொண்டோம்.

ரமலான் நோன்பும் அந்த மாதத்தில் வந்தது. நோன்பிருக்கும் மாணவர்களுக்கு எந்தப் பணிநேரம் பொருந்தும் என்பதை அவர்களிடமே விட்டோம். மாலை 4 முதல் 8 வரையான பணியில் நோன்பு திறக்கும் வேளை கருவி நீரில் இருக்கும்போது வரக்கூடும். நண்பகல் 12 முதல் 4 வரையான பணியில் வெயில் கடுமை. அவர்கள் 8 முதல் 12 வரையான பணியைத் தேர்ந்தனர். நோன்பு திறக்கும் நேரம் ஊர் அட்டவணைப்படி அமையாது. கப்பல் ஒரு பாகை கிழக்கே சென்றால் சூரியன் நான்கு நிமிடம் முன்னதாக மறைவதால், அன்றன்றைய நேரத்தைப் பிரிட்ஜிலிருந்து பெற்று உணவறைப் பலகையில் எழுதும் பொறுப்பை இன்னொரு மாணவர் ஏற்றார். சமையல்காரர் விடியலுக்கு முன் எழ வேண்டியிருந்ததால், அவருடைய ஓய்வு நேரத்தையும் சேர்த்தே அட்டவணை போட வேண்டியிருந்தது. ஒருவருக்குச் செய்யும் வசதியின் சுமை சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு தொழிலாளியின் தலையில் விழக் கூடாது.

சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவர் ஒருவரைக் கப்பலில் ஏற்ற எங்களால் முடியவில்லை. நீர்புகாக் கதவுகளின் உயர்ந்த வாயிற்படிகளும் செங்குத்தான ஏணிகளும் கப்பலின் அமைப்பிலேயே உள்ளவை. அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகம் இயக்கும் சிக்குலியாக் ஆய்வுக் கப்பல், மாற்றுத்திறனாளிகளை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது என்பதால் இது கடலின் இயற்கை என்று சொல்லித் தப்ப இயலாது; நம் நாட்டில் இனிக் கட்டப்படும் ஆய்வுக் கப்பல்களின் வரைபடக் கட்டத்திலேயே கேட்க வேண்டிய கோரிக்கை இது. அந்த மாணவர் கரைக் குழுவின் தலைவரானார். ஒவ்வொரு நிலையத்தின் அளவீடும் செயற்கைக்கோள் வழியே அவருக்குச் சென்றது. அடுத்த நிலையத்தை இடம் மாற்றலாமா என்ற முடிவில் அவருக்கு வாக்கு இருந்தது. அந்த வாக்குரிமையை எழுத்தில் தந்திருந்ததால்தான் கரைக் குழு வெறும் பார்வையாளராக ஆகவில்லை.

கரையோடு பேசும் ஏற்பாட்டுக்கு நல்ல முன்மாதிரி 2025-இல் அர்ஜென்டினாவில் கிடைத்தது. மார் டெல் பிளாட்டா ஆழ்கடல் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 3,900 மீட்டர் வரை இறங்கிய சுபாஸ்டியன் என்ற ஆளில்லா இயந்திரத்தின் காட்சிகளை, ஷ்மிட் கடல் நிறுவனத்தின் ஃபால்கர் (டூ) கப்பலிலிருந்து அந்நாட்டு அறிவியலாளர்கள் ஸ்பானிய மொழியில் நேரலையில் விளக்கினார்கள். அந்நாட்டுப் பொதுமக்கள் பெருந்திரளாகப் பார்த்தார்கள். எங்களிடம் அத்தகைய இயந்திரம் இல்லை. இருந்தாலும் கடலோரப் பள்ளிகளுக்கான இணையவழி உரையாடல்களைத் தமிழ், தெலுங்கு, ஒடியா ஆகிய மொழிகளில், முழுமையாக அந்தந்த மொழியிலேயே தயாரித்தோம். ஆங்கில உரையை எழுதிப் பெயர்ப்பதைவிட, அந்த மொழி மாணவர்களே தங்கள் கரைக்குப் பொருந்தும் கேள்விகளிலிருந்து தொடங்கியது மிகவும் சிறப்பாக அமைந்தது.

அனுமதிகள் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வேறொரு நாட்டின் பொருளாதார மண்டலத்தில் ஆய்வு செய்வதானால், கடல் சட்ட உடன்படிக்கையின் 248ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன் விவரங்களைத் தர வேண்டும். அந்நாட்டவர் பயணத்தில் பங்கேற்கும் உரிமையையும் அடுத்த பிரிவு வழங்குகிறது. எங்கள் வழி இந்திய எல்லைக்குள்ளேயே இருந்ததால் இது தேவைப்படவில்லை. ஆனால் மருத்துவச் சான்று, பாதுகாப்புக் காலணி, துறைமுகத்திற்கு வரும் பயணச் செலவு ஆகியவற்றை முதலில் மாணவர் செலுத்திப் பிறகு திரும்பப் பெறும் முறை, கையில் பணமில்லாதவரைச் சத்தமின்றி விலக்கிவிடும். அவற்றை முன்பணமாகத் தரும் வரியை வரவு செலவுத் திட்டத்தில் சேர்ப்பதற்குப் பலமுறை கடிதம் எழுத வேண்டியிருந்தது.

புகார் முறையில் ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: பணிநேரத்தையும் மதிப்பெண்ணையும் தீர்மானிக்கும் தலைமை விஞ்ஞானியே புகாரைப் பெறும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கப்பலில் ஒருவரையும், கரையில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழுவின் உறுப்பினர் ஒருவரையும் குறித்து, கரைக்கு எழுதும் மின்னஞ்சல் வேறு யார் கண்ணிலும் படாதபடி வழி செய்தோம். புகாரை எந்த மொழியிலும் எழுதலாம் என்பதையும் அதே தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டோம்.

பயணம் முடிந்து விசாகப்பட்டினத்தில் இறங்கியபின் தரவுகளோடு சேர்த்து இன்னொரு கோப்பையும் அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைத்தோம். நான்கு கேள்விகளுள்ள மொழிக் கணக்கெடுப்பு, கட்டளை அட்டைகள், தளச் சைகைகளின் காணொளிகள், நோன்புக்கால அட்டவணை, முன்பணம் கேட்டு எழுதிய கடிதங்களின் படிகள் ஆகியவை அதில் உள்ளன. பாதுகாப்பு விளக்கத்தின் ஒடியா வடிவத்தைப் பேச்சு வழக்குக்கு இன்னும் நெருக்கமாகத் திருத்த வேண்டியிருக்கிறது. மஹல் மொழியில் ஒரு வடிவம் வேண்டும் என்று மினிக்காய் மாலுமிகள் கேட்டிருக்கிறார்கள். அதை எழுதித் தர அவர்களில் ஒருவர் இசைந்திருக்கிறார். அவருக்குரிய ஊதியத்தைப் புதிய குழு தன் வரவு செலவுத் திட்டத்தில் இப்போதே சேர்த்துவிட்டது.